கவருக்குள் புழு

சண்முகவள்ளிக்கு ஒரே ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. அவள் கையில் இருந்த கொய்யாவைச் சுற்றி, பழங்களுக்கு மாட்டுகிற மெத்தென்ற நுரைவலை இருந்தது. அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர். கவரின் வாயைக் காம்போடு சேர்த்து அவளே இறுக்கிக் கட்டியிருந்தாள். அவிழ்த்துப் பார்த்தால் எங்கும் ஓட்டை இல்லை. பழமும் மழமழவென்று இருந்தது. இரண்டாக அறுத்தால் நடுவில் வெள்ளைப் புழு நெளிந்தது. எறும்புகூட நுழைய முடியாத இடத்துக்குள் புழு எந்த வழியாகப் போயிருக்கும்?

ஆயக்குடியை ஒட்டி, மலையடிவாரத்தில் அவர்களுக்கு அறுபது கொய்யா மரங்கள் இருந்தன. பட்டா கணவன் தண்டாயுதபாணியின் பெயரில். மருந்தடிப்பது, விலை பேசுவது, வண்டியில் ஏற்றி அனுப்புவது ஆண்களின் சோலி. களையெடுப்பது, காய் பறிப்பது, தரம் பிரிப்பது பெண்களின் சோலி. யாரும் எழுதி வைக்காமலே அது அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. முன்பு வள்ளியும் பக்கத்துத் தோட்டத்து மாரியாயியும் கூடையோடு பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், பழநிக்கு வருகிறவர்களிடம் விற்பார்கள். காற்றில் இலை உரசி உண்டாகும் கறுப்புத் தழும்பு தோலோடு நின்றுவிடும், உள்ளே சதைக்கு ஒன்றும் ஆகாது என்பது அவர்களுக்குத் தெரியும். வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. பழத்தைப் புரட்டிப் பார்த்து, தழும்பைக் கண்டதும் கூடையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள்.

நகரத்துப் பழக்கடைக்காகக் கொள்முதல் செய்ய வந்த ராஜேஷ்குமாரிடமும் வள்ளி இதைச் சொல்லிப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும்க்கா. கஸ்டமருக்கு யாரு சொல்றது? அவங்க தோலப் பாத்துத்தான் காசு குடுக்குறாங்க” என்றான் அவன்.

புள்ளியில்லாத பெரிய பழமாக இருந்தால் தோட்டத்து விளைச்சல் முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அதற்காகத்தான் மரத்திலேயே ஒவ்வொரு காய்க்கும் கவர் கட்டுவது என்று முடிவானது. கவர் விற்கிற கம்பெனி ஒரு நாள் பயிற்சி வைத்தது. பட்டாக்காரர்கள் மட்டும் வரலாம் என்றார்கள். தண்டாயுதபாணி போனார், பிரியாணி சாப்பிட்டார், கட்டுக் கட்டாகக் கவரோடு திரும்பினார்.

“பெருங்காயாப் பாத்துக் கட்டுங்க. பிஞ்சுல கட்டுனா பாதி உதுந்துரும், கவருதான் தெண்டம்” என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

பெண்கள் இருவரும் வெள்ளனே எழுந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பெருங்காயாகப் பார்த்துக் கட்டினார்கள். முதல் லோடு திரும்பி வந்தது. இரண்டாவதும் வந்தது. கடையில் ஒரு அம்மா கடித்த பழத்தில் புழு இருந்ததாகவும், அவர் அதைப் படமெடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டதாகவும் ராஜேஷ்குமார் போனில் சொன்னான். மூன்றாவது லோடிலும் புழு இருந்தால் வாங்குவதை நிறுத்திவிடுவதாகவும் சொன்னான். நிறுத்தினால் மரங்களை வெட்டி, நிலத்தை மனையாக விற்றுவிடுவது என்று தண்டாயுதபாணி புரோக்கரிடம் பேசி வைத்திருந்தார்.

“ஒழுங்காக் கட்டத் தெரியல ஒனக்கு” என்றார் அவர்.

“நீங்களே அவுத்துப் பாருங்க. மூச்சு முட்டக் கட்டியிருக்கேன்.”

“அப்ப புழு என்ன, சாவி போட்டுத் தெறந்து போச்சாக்கும்?”

மாரியாயி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். வள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவள் வேறு மாதிரி யோசித்தாள். எந்த வழியாகப் போனது என்பதை விட்டுவிட்டு, எப்போது போனது என்று பார்க்க ஆரம்பித்தாள். முந்தின நாள் கட்டிய காய்களில் நாலைந்தை அவிழ்த்து அறுத்தாள். ஒன்றில் அரிசி நீளத்துக்குப் புழு இருந்தது. ஒரே ராத்திரியில் புழு அவ்வளவு வளராது. அப்படியானால் கவர் கட்டும்போதே அது உள்ளே இருந்திருக்க வேண்டும்.

இன்னும் கட்டாத பெருங்காய்களை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிலவற்றில் ஊசி குத்திய அளவுக்குச் சின்னப் புள்ளி தெரிந்தது. ஒரு காயின் மேல் பழுப்பு நிற ஈ உட்கார்ந்து, பின்பக்கத்தைத் தோலுக்குள் செருகிக்கொண்டிருந்தது. தோலுக்கு அடியில் முட்டை. இரண்டு மூன்று நாளில் புழு. வெளியே அந்த ஊசிப் புள்ளியைத் தவிர ஒன்றும் தெரியாது. கவர் புழுவைத் தடுக்கவில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்ததைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது.

கல்லுப்போல இருக்கிற சின்னக் காய்களை ஈ தொடவே இல்லை. முற்றத் தொடங்கிய காயைத்தான் தேடிப் போனது. அப்படியென்றால் அதற்கு முன்பே கட்ட வேண்டும். அன்று சாயங்காலமே கணவனிடம் சொன்னாள்.

“பயிற்சிக்குப் போனது நீயா, நானா?” என்றார் அவர்.

இருந்தாலும் கிணற்றடி மரத்தில் எலுமிச்சை அளவில் இருந்த காய்களாகப் பொறுக்கி நாற்பதுக்குக் கவர் கட்டினாள். அவை பழுக்க ஏழெட்டு வாரம் ஆகும். மூன்றாவது லோடு பத்தே நாளில் போக வேண்டியிருந்தது. போனது. புழுவோடு திரும்பி வந்தது.

நிலத்தை விற்ற பத்திரம் முடிய ஒன்றரை மாதம் ஆனது. அந்த நாட்களில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஆள் இல்லை. வள்ளி கிணற்றடி மரத்துக்கு மட்டும் குடத்தில் ஊற்றினாள். பிறகு ஒரு காலையில் ரம்பத்தோடு ஆட்கள் வந்து முதல் வரிசையிலிருந்து அறுக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கிணற்றடிக்கு வந்து சேர்வதற்குள் அவள் வெரசாக நாற்பது பழங்களையும் பறித்து, சாக்கை விரித்துக் கொட்டி, ஒவ்வொன்றாக அறுத்தாள். மாரியாயியும் கூட உட்கார்ந்து அறுத்தாள். ஒன்றில்கூடப் புழு இல்லை.

தண்டாயுதபாணி வந்து நின்றார். அறுத்த பழம் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“எலுமிச்ச அளவுல கட்டணும்னுதான் பயிற்சியிலயும் சொன்னாக” என்றார் மெதுவாக. “கட்டுறது நான் இல்லையே, பொம்பள சோலிதானேன்னு காதுல வாங்கல. கவரு தெண்டமாகும்னு நானா ஒண்ணச் சொல்லிட்டேன்.”

வள்ளி அவரைத் திட்டவில்லை. திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. ரம்பம் கிணற்றடி மரத்துக்கு வந்துவிட்டது. அது சாய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் கம்பெனி மறுபடியும் பயிற்சி வைக்கிறது என்றும், தன் வீட்டுக்காரர் போகப் போகிறார் என்றும் மாரியாயி சொன்னாள்.

“அவரு போவட்டும், நீயும் கூடப் போ. உள்ள விடலன்னா வாசல்ல நில்லு” என்றாள் வள்ளி. “நமக்கு முடிஞ்சு போச்சு மாரியாயி. ஒந்தோட்டம் நிக்கணும்னா ரெண்டு இருக்கு. காய் எலுமிச்ச அளவுக்கு வந்ததும் கவரு கட்டணும். எப்பக் கட்டணுங்கிறத, கட்டுறவகிட்டயே சொல்லணும்.”