பம்பூஷ்காவுக்கு எக்ஸ்ரே

கால்நடை மருத்துவமனையின் எக்ஸ்ரே மெஷினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதிரே படுத்திருப்பது என்ன பிராணி, அதன் பெயர் என்ன, ஆணா பெண்ணா, எடை எத்தனை என்று நான்கையும் சொன்னால்தான் அது கண்ணைத் திறக்கும். "பிராணி இல்லையப்பா, பீங்கான் தகடு" என்று அதனிடம் யார் மன்றாடுவது? அங்கே வேலை பார்க்கும் யூஸ்தினா மன்றாடவில்லை. 'நாய்' என்று தட்டினாள். எடை, மூன்று கிலோ. பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் வயிறு பசித்தது. 'வரேனிக்' என்று கொழுக்கட்டையின் பெயரைப் போட்டாள். வந்த காரணம்: பொதுப் பரிசோதனை.

மேசைமேல் மல்லாந்து கிடந்தது, குண்டு துளைக்காத உடுப்பில் நெஞ்சுக்கு நேரே செருகுகிற தகடு. முன்னால் பீங்கான், பின்னால் அழுத்தி இறுக்கிய பிளாஸ்டிக், மேலே கறுப்புத் துணி. குண்டு வந்தால் பீங்கான் தானும் நொறுங்கி அதையும் நொறுக்கும். மிச்சத்தைப் பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் வாங்கிக்கொள்ளும். அப்படித்தான் பெட்டிமேல் எழுதியிருந்தது. பெட்டிமேல் எழுதுவதற்கென்ன, யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். சரக்கு மலிவு. மலிவாய் இருந்ததால்தான் பதினான்கு வாங்க முடிந்தது, மலிவாய் இருந்ததால்தான் பயமாகவும் இருந்தது.

வாங்கியவர் லுக்கியான். ழித்தோமிர் போகிற சாலையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். சண்டை தொடங்கிய நாளிலிருந்து ஊர்க்காரர்களிடம் துண்டேந்தி, பட்டாளத்துப் பையன்களுக்குச் சாமான் வாங்கி அனுப்புவதுதான் அவருக்கு முழுநேர வேலை, கடை பகுதிநேரம். இந்தத் தகடுகள் ஆறு பேருக்கு. முன்னால் ஒன்று, முதுகில் ஒன்று, ஆக மொத்தம் பன்னிரண்டு. அந்த ஆறு பேரில் ஒருவன் நெஸ்தோர், யூஸ்தினாவின் கணவன். ஞாயிறு காலை வண்டி கிளம்புகிறது. அதற்குள் இவை உயிர் காக்குமா, உயிர் வாங்குமா என்று தெரிந்தாக வேண்டும்.

"டைல்ஸ் மாதிரிதாம்மா இதுவும்" என்று லுக்கியான் விரலை மடக்கித் தகட்டைத் தட்டினார். "நல்லதா இருந்தா ணங்குன்னு கேக்கணும்."

தொப்பென்று கேட்டது.

"துணி போத்தியிருக்குல்ல" என்றார், விட்டுக்கொடுக்காமல்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் வெளியில போய் நில்லுங்க. கதிர் பாயப் போகுது."

வெளியே வெள்ளாட்டோடு ஒருவர் காத்திருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, உள்ளே ஒரு நாய்கூட இல்லாத அறையிலிருந்து நாய்களின் அறிக்கை ஒவ்வொன்றாக வெளியே வருவதைக் கண்டு மிரண்டுபோயிருந்தார். கடைசியில் ஒரு தாளை எடுத்து உரக்கப் படித்தார். "ஹாலுஷ்கா. பெண். மூணு கிலோ. கர்ப்பம்: இல்லை." பிறகு ஆட்டின் கழுத்துக் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மின்சாரம் நிற்பதற்குள் பதினான்கும் முடிந்தன. வழியில் கீழே விழுந்த பெட்டியிலிருந்த ஒன்றில் மூலைக்கு மூலை விரிசல் ஓடியிருந்தது, அது தேறாது. மற்ற பதிமூன்றும் தேறின. ஆனால் தேறியவை எல்லாம் ஒன்றல்லவே! வரேனிக்கின் படம் பால் போலச் சுத்தம், ஒரு புள்ளி கிடையாது. புர்கோ என்று பெயர் போட்ட தகடும் ஏறக்குறைய அப்படித்தான். கடைசி ஒன்றில் மட்டும் நடுவுக்குச் சற்று இடப்பக்கமாகக் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள், புளித்த மாவில் இருப்பதுபோல ஒரு கொத்து. அதனால்தான் படம் வந்தபின் முதலில் போட்ட பெயரை அடித்துவிட்டு அதற்குப் பூண்டு பன்னின் பெயர் வைத்தாள்: பம்பூஷ்கா. கெட்டது என்று சொல்லிவிட முடியாது. நல்லது என்று சத்தியம் பண்ணவும் முடியாது. தகடுகளின் பின்பக்கம் பெயரெழுதிய நாடாவை ஒட்டும்போது அவள் கை அதனிடம் மட்டும் தயங்கியது.

அப்போதுதான் சாவா வந்தார். முன்னாள் ராணுவப் பயிற்சியாளர், இப்போது கைவிடப்பட்ட கருங்கல் குவாரியில் புதுப் பையன்களுக்குச் சுடக் கற்றுத்தருகிறார். சிரிப்பதென்றால் சொந்தக் காசைச் செலவழிப்பதுபோல யோசிப்பவர்.

"படம் எடுத்தது சரி. ஒண்ணைச் சுட்டுப் பாக்காம எதையும் வண்டியில ஏத்த விடமாட்டேன்."

லுக்கியானுக்கு வழி பளிச்சென்று தெரிந்தது. "அந்த விரிசல் விட்டதையே சுடுங்களேன். எப்படியும் வீண்தானே?"

"செத்தவனுக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாக்கறியா? தேறினதுல ஒண்ணு குடு. பதிமூணு இருக்கு, பன்னெண்டு போதும். நாளைக்கு மத்தியானம் குவாரிக்கு வாங்க. ஓட்டை விழுந்தா மிச்சமும் குப்பைதான், இப்பவே சொல்லிட்டேன்."

"குப்பைன்னா பசங்க?"

"பழைய இரும்புத் தகடு இருக்குல்ல, அதைக் கட்டிக்கிட்டுப் போவாங்க."

இரும்புத் தகட்டில் பட்ட குண்டு சிதறி முகத்துக்கும் தொண்டைக்கும் பாயும் என்று மூவருக்கும் தெரியும். 

சாவா போனதும் லுக்கியான் குரலைத் தாழ்த்தினார். "யூஸ்தினா, உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தவ நீ ஒருத்திதான். இருக்கிறதுலயே நல்லதா ஒண்ணை எடுத்துக் குடும்மா. பாஸாகணும். இன்னொரு தடவை ஊர்ல கையேந்த முடியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற சரக்கும் வராது."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. இது தீக்குச்சி நல்லதா என்று உரசிப் பார்க்கிற கதையல்லவா! சுட்டுப் பார்த்த தகடு நல்லதென்று தெரியும், ஆனால் மாட்ட முடியாது. மாட்டுகிற தகட்டைச் சுட்டுப் பார்க்க முடியாது. இதில் இருப்பதிலேயே நல்லதைச் சுட்டு நொறுக்கச் சொல்கிறார், டைல்ஸ் கடைக்காரர்! வரேனிக்கை அவள் ஏற்கெனவே மனத்துக்குள் நெஸ்தோரின் நெஞ்சில் மாட்டிவிட்டிருந்தாள். புர்கோவை முதுகில். சுடுவதற்கு நடுத்தரமாக ஹாலுஷ்காவைக் கொடுத்துவிடலாம். பம்பூஷ்கா யாருக்குப் போகுமோ போகட்டும். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நினைத்தாள்.

அன்று மத்தியானம் மருந்து அறைக்குள் நின்றுகொண்டு நெஸ்தோரைப் போனில் கூப்பிட்டாள். அதிசயமாக முதல் அழைப்பிலேயே கிடைத்தான்.

"சாப்டியா?"

"கஞ்சி. இன்னிக்கு உப்பு போட்டிருந்தாங்க. ஏதாச்சும் பண்டிகையா?"

"விளையாடாத. கவனமாக் கேளு. தகடு வந்ததும் பின்னாடி ஒட்டியிருக்கிற பேரைப் பாரு."

"தகடுக்குப் பேரா?"

மெஷினின் பிடிவாதத்தைச் சொன்னாள். அவன் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "டேய், நமக்கு ஒரு டஜன் நாய்க்குட்டி வருதுடா! எல்லாத்துக்கும் தடுப்பூசி போட்டாச்சாம்!" என்று அவன் கத்துவதும், தூரத்தில் யாரோ ஊளையிடுவதும், இன்னொருவன் குரைப்பதும் கேட்டது. ஐந்து வாரமாக இந்தச் சிரிப்பை அவள் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சிரிச்சது போதும். அதுல நீ எடுக்க வேண்டியது..."

"நிறுத்து."

"என்ன?"

"சொல்லாத, யூஸ்தின்கா." அவன் நடந்து தள்ளிப் போவது தெரிந்தது; குரைப்பு தேய்ந்தது. "எது நல்லதுன்னு நீ சொன்னா, எது மட்டம்னு எனக்குப் புரிஞ்சிடும். மட்டமானது ஒண்ணு இருக்கு, இல்ல? உன் குரல்லயே தெரியுது. அதை நான் யாரு தலையில கட்டறது?"

"யார் தலையிலயோ! நான் உனக்குத்தான் பொண்டாட்டி. ஆறு பேருக்கும் இல்ல."

"தெரியும். மத்தவங்க பொண்டாட்டிங்க எக்ஸ்ரே எடுக்கப் படிக்கலியே, அது அந்தப் பசங்க தப்பா?"

அவளுக்கு வாயில் நன்றாக வந்தது. திட்டினாள். பெரிய தியாகி என்றாள், கல்யாணத்தன்று மோதிரத்தை மறந்துவிட்டு வந்த மடையன் என்றாள், அவன் அம்மாவையும் விட்டுவைக்கவில்லை. அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதா? நீ சொல்லிட்டா எனக்கு ரெண்டே வழிதான். நல்லதை எடுத்துக்கிட்டுத் திருட்டு முழி முழிக்கணும். இல்லேன்னா மட்டமானதை நானே மாட்டிக்கணும். என்னைப் பத்தி உனக்குத் தெரியும். எதைச் செய்வேன்?"

தெரியும். கோபமெல்லாம் அங்கேயே வடிந்துபோனது. இரண்டாவதைத்தான் செய்வான் அந்த முட்டாள்.

"சரி, சொல்லல" என்றாள்.

"என் தங்கமே! அந்த நாய்க்குட்டிங்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பு." இணைப்பு அறுந்தது.

மாலைவரை பூனைகளுக்குக் காது துடைத்துவிட்டாள். நடுநடுவே பம்பூஷ்காவின் படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டில் ஒன்றாக அதுவும் போனால், ஆறு பேரில் ஒருவன் உடம்பில் ஏறும். அந்த ஒருவன் நெஸ்தோராக இருக்கலாம். குரைத்தவனாக இருக்கலாம். குரைத்தவனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது.

மறுநாள் மத்தியானம் குவாரியில் காற்று காதைப் பிய்த்தது. லுக்கியான் பாலர் பள்ளியிலிருந்து இரண்டு வாளி களிமண் வாங்கி வந்திருந்தார். பிள்ளைகள் உருட்டி விளையாடும் வண்ணக் களிமண். தகட்டின் பின்னால் அதை அப்பி வைத்துச் சுட்டால், உள்ளே நெஞ்சுக்கூடு எவ்வளவு நசுங்கும் என்பதைக் குழியின் ஆழம் சொல்லிவிடும். நாற்பத்து நாலு மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆள் பிழைத்தாலும் பிழைத்தவனாக இருக்கமாட்டான். சாவா களிமண்ணைப் பெட்டிக்குள் அழுத்தி அழுத்தி நிரப்பினார். அரைகுறையாய்ச் செய்த முயல் ஒன்று நசுங்குவதற்கு முன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதையும் அழுத்தினார்.

"தகடு எங்கே?"

யூஸ்தினா தகடுகள் இருந்த பெரிய பையைத் திறந்தாள். ஹாலுஷ்கா மேலேயே இருந்தது. லுக்கியான் தலையை ஆட்டி, நல்லது, நல்லது என்று கண்ணால் கெஞ்சினார். அவள் கையை அடிவரை விட்டு பம்பூஷ்காவை உருவி எடுத்தாள்.

இது ஓட்டையானால் பன்னிரண்டும் குப்பை. ஆறு பேரும் இரும்போடு போவார்கள், அவர்களில் அவனும் ஒருவன். இதைச் செய்யச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை. ஹாலுஷ்காவைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். 

சாவா நாடாவைப் படித்தார். "பம்பூஷ்காவா? பாவம்."

"எங்க சுடப் போறீங்க?"

"நட்ட நடுவுல."

"இங்க சுடுங்க." சுண்ணாம்புக் கட்டியால் நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக ஒரு வட்டம் போட்டாள். சாவா அந்த வட்டத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.  துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பதினைந்து மீட்டர் தள்ளிப் போய்ப் பாறைத் தடுப்புக்குப் பின்னால் நின்றார். மற்ற இருவரும் கல்லுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

வெடிச்சத்தம் குவாரி முழுக்க உருண்டு திரும்பி வந்தது. யூஸ்தினா எழுந்திருக்கவில்லை. சாவா நடந்து போவதும், பெட்டியைத் திறப்பதும் கேட்டது. அப்புறம் நெடுநேரம் எதுவுமே கேட்கவில்லை. அந்தக் கிழவருக்கு எதிலும் அவசரம் கிடையாது.

"முப்பத்தெட்டு" என்றார் சாவா. "குண்டு உள்ளேயே கிடக்கு. ஓட்டை இல்லை."

அத்தோடு அவர் விடவில்லை. அரைச் சாண் தள்ளி இன்னொன்றும் சுட்டார். நாற்பத்தொன்று. ஓட்டை இல்லை. சாவா சிரித்தார், சொந்தக் காசில்.

லுக்கியான் குதித்த குதியில் தொப்பி பறந்தது. "நான் சொன்னேன்ல! நல்லதாப் பார்த்து எடுன்னு சொன்னேன்ல! கில்லாடிம்மா நீ!"

"பதிமூணுலயே மட்டமானது அதுதான் அண்ணே" என்றாள் யூஸ்தினா.

தொப்பியை எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். அப்புறம் அங்கிருந்த கல்லில் மெதுவாக உட்கார்ந்தார். "மட்டமானதா? ஓட்டை விழுந்திருந்தா? அத்தனையும் போயிருக்குமே! உன் புருஷனும்ல..."

"ஓட்டை விழுற தகடா இருந்து, அதைச் சுட்டுப் பாக்காம அனுப்பியிருந்தா, எந்தப் பையன் மாட்டியிருப்பான்?"

லுக்கியான் கீழே கிடந்த தொப்பியை இரண்டு முறை தட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

யூஸ்தினாவுக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, வாய்விட்டே அழுதாள், நடுவில் சிரிப்பும் வந்து மூக்கு ஒழுகியது. சாவா தன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினார். குடித்து முடித்ததும் மூவருமாகப் பன்னிரண்டு தகடுகளையும் பழைய போர்வைக் கிழிசலில் இரண்டிரண்டாகச் சுற்ற ஆரம்பித்தார்கள். நாடாக்களை அவள் ஒவ்வொன்றாக உரித்துப் போட்டாள். உரித்தபின் எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே கனம். எது வரேனிக், எது புர்கோ என்று அவளுக்கே தெரியவில்லை.

லுக்கியான் கட்டுகளின்மேல் பெயர் எழுதப் பேனாவோடு நின்றார். "நெஸ்தோருக்கு எந்த ரெண்டும்மா?"

"எதுவானாலும் சரி. கையில வர்றதை எடுங்க அண்ணே" என்றாள்.