நூல் மாற்றிக் கட்டிய கொம்புப் பட்டைகள்

இதை எழுதலாமா என்று மூன்று வாரம் தயங்கினேன். நான் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள். இதற்கு முன் கதை எதுவும் எழுதியதில்லை. கத்தி செய்கிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கும் ஊரில் கத்தியைப் பற்றி நான் எழுதத் துணிந்ததை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நடந்ததில் என் பங்கே பெரிது. வேறு காரணம் இல்லை.

சுஸ்த் நகரில் என் கணவர் டோல்கின் கத்திகளுக்குக் கைப்பிடி அமைத்துத் தருபவர். அலகை வேறொருவர் அடித்துக் கொடுப்பார். அதன் வால் பகுதியின் இரு பக்கமும் கொம்புப் பட்டைகளை வைத்து ரிவிட் அடிப்பது இவர் வேலை. ஒரே கொம்பை நடுவில் பிளந்து, இரு பட்டைகளையும் முகத்தோடு முகம் சேர்த்து நூலால் கட்டி, பட்டறைப் பரணில் இரண்டு ஆண்டுகள் உலர விடுவார். ஒரே கொம்பின் பாதிகள்தான் ஒரே சீராக உலர்ந்து சுருங்கும் என்பதால், அந்தக் கட்டு கடைசி நாள் வரை அவிழாது.

சென்ற கோடை விடுமுறையில், அவர் பக்கத்து நகரமான நமங்கானுக்குப் போயிருந்தபோது, பரணைச் சுத்தம் செய்தேன். நூல்களெல்லாம் தூசியும் சிலந்தி வலையுமாக இருந்தன. அவற்றை அறுத்தெறிந்தேன். பட்டைகளை நிறம் பார்த்து, நீளம் பார்த்து, பொருத்தமானவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துப் புது வெள்ளை நூலால் கட்டி அடுக்கினேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் எதையும் அப்படித்தான் வைப்போம்.

திரும்பி வந்தவர் கேட்டார்: "நூலு புதுசா இருக்கே?"

"பழசு இத்துப்போச்சுங்க. மாத்திக் கட்டினேன்."

"ஜோடி மாறலியே?"

செய்த தவறு அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. சொல்ல வெட்கமாக இருந்தது.

"மாறல" என்றேன்.

இலையுதிர் காலத்தில் ஹோஷிம் வந்தார். எங்கள் வட்டாரத்துத் திருமணங்களுக்கெல்லாம் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புலாவ் சமைப்பவர் அவர். வசந்தத்தில் அண்டா மூடி விழுந்து வலது கட்டைவிரல் முறிந்து, பிறகு மடங்கவே இல்லை. பழைய கத்தி கையில் வழுக்குகிறது என்றார். பிடிக்கு அளவெடுக்க நான் மாவு பிசைந்து வைத்திருந்தேன்.

"என்ன டீச்சரம்மா, வந்தவனுக்குப் பச்சை மாவா விருந்து?"

"சும்மா புடிங்கண்ணே" என்றார் என் கணவர். "உங்க கை எப்படி உக்காருதோ, அப்படியே கொம்பைத் தேய்ச்சுத் தர்றேன்."

"இந்தக் கட்டைவிரல் என் மாமியார் மாதிரிப்பா. எதுக்கும் வளையாது."

மாவில் பதிந்த தடத்தைப் பார்த்துச் சிரித்தவர், பிறகு குரலைத் தாழ்த்தினார். "விளையாட்டில்ல தம்பி. நம்ம வட்டாரத்துக்கு மூத்தவரு, வாஹித் பெரியவர் சொல்லிட்டாரு. வர்ற கல்யாணத்துக்கு நானே முன்னால உக்காந்து கேரட் வெட்டி முடிச்சாதான் அண்டா எனக்கு. இல்லேன்னா போப் ஊர்க்காரனக் கூப்பிட்டுடுவாங்களாம்."

பட்டை தேர்ந்தெடுக்கும்போது என் கணவர் ஒவ்வொரு ஜோடியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் கட்டுகளிலேயே மிக அழகான தேன்நிற ஜோடியில் அவர் விரல் நின்றது.

"இதுதான். ரெண்டு பக்கமும் கண்ணாடில பாத்த மாதிரி இருக்கு."

அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். தேநீர் கொண்டுவர எழுந்து போனேன்.

திருமணத்துக்கு முந்தைய நாள் பிற்பகல். வழக்கப்படி தெரு ஆண்கள் தங்கள் தங்கள் கத்தியுடன் மணவீட்டு முற்றத்து நீள மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் ஹோஷிம். வாஹித் பெரியவர் எதிரே. வெட்டிக்கொண்டே ஒருவரையொருவர் சீண்டினார்கள்.

"என்னப்பா இது, கேரட்ட வெட்டுறியா, விறகு பொளக்கறியா?"

"உன் கத்தி வெட்டாது பெரியப்பா, கெஞ்சிக் கேட்டாத்தான் வெட்டும்."

ஹோஷிமின் கத்தி மேசை முழுதும் கைமாறிச் சுற்றி வந்தது. எல்லோரும் பிடியைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு அவர் வெட்டத் தொடங்கினார். மடங்காத கட்டைவிரல் பிடியில் குடைந்த பள்ளத்தில் அசையாமல் கிடக்க, மஞ்சள் கேரட் தீக்குச்சி கனத்தில் விழுந்துகொண்டே இருந்தது. முதல் சாக்கு முடிந்தது. "விரல் போனாலும் வேகம் போகலடா" என்று பெரியவரே சொன்னார். தேநீர்க் கெண்டியுடன் நின்ற எனக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது சாக்கின் நடுவில் பட்டென்று ஒரு சிறு சத்தம். கேரட் சாற்றில் ஊறிய இடப்பக்கப் பட்டை ரிவிட் அருகே பிளந்து நிமிர்ந்தது. உள்ளங்கைச் சதை இடுக்கில் சிக்கியது. நான் மட்டுமே பார்த்தேன். அவர் நினைத்திருந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு முடித்திருக்கலாம். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தக் குவியலத் தள்ளி வைங்க. ரத்தம் பட்டுடுச்சு. சோத்துக்கு ஆகாது."

"விரலா?" என்றார் பெரியவர்.

"விரல் இல்ல. பிடி."

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் கத்தியை எடுத்து, பட்டையின் விளிம்பை நகத்தால் கீறினார்.

"இது நல்லா உலர்ந்தது. இன்னொண்ணு இன்னும் பச்சை. ரெண்டும் ஒரே கொம்பு இல்ல." என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நான் பாத்திருக்கணும். என் தப்புதான்" என்றார்.

கெண்டியை மேசையில் வைத்தேன்.

"அவர் தப்பு இல்லீங்க. ஜோடிய மாத்தினது நான். மாறலன்னு பொய் சொன்னதும் நான்தான்."

ஹோஷிம்தான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "டீச்சரம்மா வெச்ச பரீட்சையில நான் ஃபெயிலு, அவ்வளவுதான் விடுங்க."

சிலர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை, கோபமும் படவில்லை.

"யார் தப்பா இருந்தா என்ன? காலையில ஐந்நூறு பேர் சாப்பிடணும். இந்தக் கைய வெச்சுக்கிட்டு நீ எப்படி அண்டாவக் கிளறுவ?"

போப் ஊர்ச் சமையல்காரர் பொழுது சாயுமுன் வந்து சேர்ந்தார், சொந்தக் கத்தியுடன்.

இழந்தவை இவை. கேரட் அரைச் சாக்கு. தேன்நிறப் பிடி ஒன்று. நான் மாற்றிக் கட்டியவை பத்தொன்பது ஜோடி; பிடியாகிப்போன அந்த ஒன்று போக, கொம்பின் வரி பார்த்து என் கணவர் பதினொன்றை மீண்டும் சேர்த்தார், ஏழு சேரவில்லை. ஹோஷிமுக்கு எங்கள் வட்டாரத்து அண்டா. எனக்கு, நான் சொன்னால் என் கணவர் மறுபடி சரிபார்க்காமல் நம்பும் வழக்கம்.