மதிலுக்குள் நின்ற செர்ரி

காட்டை அடைத்துக்கொண்டிருக்கும் அயல்நாட்டுச் செர்ரி, மில்லுக்காரர் தோட்டத்திலிருந்துதான் பரவுகிறது என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் நான். எங்கள் வீட்டிலும் அந்த மரம் உண்டு. அப்பா கப்பலில் கொண்டுவந்து வைத்தது. ஆனால் அதைச் சுற்றி ஆளுயர மதில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பொருள் வெளியே போய் ஒருவருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை.

என் மருமகள் வனக்காவலர். "தாய்மரத்தக் கண்டுபிடிச்சு வெட்டுனாத்தான் மாமா வேலை முடியும். கன்னு எந்தப் பக்கம் நெருக்கமா இருக்கோ அந்தப் பக்கமே நடப்போம்" என்றாள். அவளும் அவளுடைய ஆட்களும் புறப்பட்டபோது நானும் கிளம்பினேன். சாட்சிக்கு மில்லுக்காரரையும் வரச் சொன்னேன்.

"என் தோட்டத்துல நிக்கிறது வேற மரம், பெரியவரே."

"நடந்தா தெரிஞ்சுடப்போகுது."

மருமகள் ஒவ்வொரு கன்றிலும் இலையைத் திருப்பிப் பார்த்தாள். நடு நரம்போரம் துரு நிறத்தில் மயிர் இருந்தால் அது அந்தச் செர்ரி; தண்டில் சிவப்புச் சாயம் வைத்தாள். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. பிறகு கால் வைக்க இடமில்லை. மில்லுக்குப் போகும் பாதையில் ஒன்றுகூட இல்லை. எங்கள் மதிலின் வெளிப்புறம் முழுக்க முழங்கால் உயரத்துக்குச் செர்ரி. மேலே எங்கள் கிளையிலிருந்து ஒரு பறவை கறுத்த பழத்தைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் பறந்தது.

மருமகள் என் முகத்தைப் பார்க்காமல் ஆட்களிடம் சொன்னாள்:

"இங்க தடம் விட்டுப்போச்சு. எந்த மரம்னு சொல்ல முடியாது."

ஓர் ஆள் இருமினான். அது இருமலில்லை.

அவள் வேலைக்கே உலை வைக்கும் பொய். எனக்காகச் சொன்ன பொய்.

"தடம் விடலம்மா. நம்ம மரந்தான்."

"என்ன மாமா?"

மில்லுக்காரர் காதில் விழும்படி இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பெரிய மரம். வீட்டு மேல சாயாம இறக்கணும். என் ஆளுங்க இருக்காங்க, ரம்பம் இருக்கு. நான் பாத்துக்கிறேன், பெரியவரே. உள்ள போய் அளவு பாக்கலாமா?"

கூட்டத்தில் நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அவர் செருப்பு வாசலைத் தாண்டியதை மட்டும் பார்த்தேன்.