கல்முதுகுப் பாலத்தில் சமாதானம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அண்ணன் என்னைக் கொன்றால்தான், அவன் உயிரோடு இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். மற்றபடி அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியில்லை.

அம்மாவை அடக்கம் செய்த அன்று, தென் ஆஸ்திரேலியாவில் எங்கள் வல்லரூ ஊர்த் தேவாலய வாசலில், கையில் கறி அடைத்த பேஸ்ட்டியோடு நின்றிருந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "நீதான் அவளை அந்த முதியோர் விடுதியில தள்ளிக் கொன்ன" என்றான் டென்சில். "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்றேன் நான். எங்கள் குடும்பத்தில் யாரும் வேறெதைச் செய்யாவிட்டாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடுவோம். அவன் ஊருக்கு எதிரே, வளைகுடாவின் அந்தக் கரைக்கு, வயாலாவுக்கு, குடி போய்விட்டான். தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட வந்ததில்லை. நானும் அனுப்பவில்லை, என்ன வந்தது எனக்கு.

ஆனால் கணினி விளையாட்டை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. 'இரு கொடிகள்' வெளிவந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கணினிதான். அவன் சாம்பல் கொடியில் சேர்ந்து கிரம்ப் என்று ஒரு பூதத்தை உருவாக்கினான். அவன் தொட்டதை நான் தொடுவேனா? நீலக் கொடியில் சேர்ந்தேன். எனக்கு மொர்வெல் என்று ஓர் ஈட்டிக்காரி. எதிர்க்கொடிக்காரனோடு பேச முடியாது என்பது அந்த விளையாட்டின் விதி. அவன் எதைத் தட்டினாலும் எனக்கு அது உறுமலாகத்தான் வந்து சேரும். விதியை எழுதியவன் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டுப் போனவனாக இருக்க வேண்டும்.

கல்முதுகுப் பாலத்துக்காகச் சண்டை போட்டால் பரிசு என்று ஒன்றும் கிடையாது, அதையெல்லாம் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் ஞாயிறு மத்தியானமானால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்துப் பழைய ஆட்கள் இரண்டு கொடியிலிருந்தும் அங்கே கூடி வெட்டிக்கொள்வது வழக்கம். கிரம்ப் என்னைக் கொன்றால் என் பிணத்தின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஓர் ஆப்பிள் தின்னும். நான் கொன்றால் அதன் பிணத்தின்மேல் துப்புவேன். ஆப்பிளைத் தின்றுவிட்டானா, சரி, இந்த வாரமும் ஆள் நலம். நான் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்ப்பேன். வருடக்கணக்காக இப்படித்தான் போயிற்று. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகுதான் சமாதானம் வந்தது.

விளையாட்டுக்கு முதலில் கதை எழுதியவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள், அல்லது வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ரத்தம் பிடிக்கவில்லை. ஆடுகிறவர்களும் குறைந்து, இரண்டு பக்கத்துக்கும் ஆள் தேறவில்லை. ஒரு புதுப்பிப்பில் இரண்டு கொடிகளையும் ஒன்றாகத் தைத்துவிட்டார்கள். நீலக் கோட்டை வாசலில் முன்பெல்லாம் தளபதி உல்காத் நின்றுகொண்டு, "எலும்புகளை எண்ணிக்கொண்டு போ, திரும்பும்போது குறையும்!" என்று கத்துவான். அவன் இடுப்பில் இப்போது தோட்டக்காரன் துணி. மரக்கன்று நட்டுக்கொண்டே, "உன் காயத்தின் கதையைச் சொல், நான் கேட்கிறேன்" என்கிறான். பொறுக்காமல் புலம்பினேன்.

"அழாதடி. பொம்மையப் பிடுங்கின பிள்ள மாதிரி இருக்க" என்றாள் ஹெனி, காதில் மாட்டிய காதுப்பொறியில்.

ஹெனி எங்கள் படையின் தலைவி. நியூசிலாந்தில் கிஸ்போர்ன் ஊர்க்காரி. நேரில் பார்த்ததில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரியின் குரலைவிட அவள் குரலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

"உல்காத் கன்னு நடுறான் ஹெனி. குழந்தைகள ஈட்டியில குத்தினவன்."

"அவனுக்கும் வயசாகுதுல்ல. விடு."

சமாதானத்துக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு நான் பாலத்துக்குப் போனேன். சண்டை இல்லாததால் யாரும் வரவில்லை. பாலத்தின் நடுவில் கிரம்ப் மட்டும் நின்றது. எதிரியென்று எப்போதும் சிவப்பாகத் தெரியும் அதன் பெயர் அன்று பச்சையாக இருந்தது. பழக்கதோஷத்தில் ஈட்டியைச் சொருகினேன். புகைக்குள் போவதுபோல் ஈட்டி உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. பூதம் கோடரியை எடுக்கவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. வாய் திறந்தது. உறுமல் இல்லை.

"பகை முடிந்தது, சகோதரி. உட்கார். உன் கைகள் களைத்திருக்கின்றன."

சகோதரி. நான் அவனுடைய சகோதரிதானே, வேறெப்படிக் கூப்பிடுவான்! தட்டினேன்: "டென்சில், அம்மா விஷயத்தில நீ அன்னைக்குச் சொன்னது..."

அது சொன்னது: "இழப்புக்கு யாரும் குற்றவாளி இல்லை, சகோதரி."

நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அப்படி நான் அடக்கத்தன்றுகூட அழவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். கிரம்ப் எனக்காகத் தீ மூட்டி வைத்திருக்கும். நான் பேசிக்கொண்டே இருப்பேன். நான் வேலை செய்யும் தானியக் கிடங்கில் அறுவடை நெருக்கடி, என் முழங்கால், கூரையில் ஒழுகல், எல்லாவற்றையும். "சொல். நேரம் இருக்கிறது" என்னும் அது. டென்சிலுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியம். தனியாக இருந்து இருந்து திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் கோடை உச்சத்தில் இருக்கும் தை மாத வெயிலில் ஜன்னல் கண்ணாடி தொட முடியாமல் கொதித்த ஒரு ஞாயிறு, எங்கள் கிழட்டு நாய் டட்லி செத்துப்போன செய்தியைச் சொன்னேன். டட்லி அவன் தூக்கிவந்து வளர்த்த நாய். என்னிடம்தான் விட்டுவிட்டுப் போனான். அவன் இரண்டு வார்த்தை திட்டுவான், ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்பான் என்று காத்திருந்தேன்.

கிரம்ப் சிரித்தது. "உன் மகிழ்ச்சி என் மகிழ்ச்சி, சகோதரி."

மறுபடி எழுதினேன்: "நாய் செத்துப்போச்சுடா."

"சொல். நேரம் இருக்கிறது."

சின்ன வயதில் எந்தப் பெயரைச் சொன்னால் அவன் என்மேல் செருப்பை எறிவானோ, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அம்மாவை இழுத்துப் பேசினேன். முகத்தில் துப்பினேன். பூதம் ஒவ்வொன்றுக்கும் தலை குனிந்து வணங்கியது.

"ஹெனி, இவனுக்கு என்னமோ ஆச்சு" என்றேன்.

நான் சொன்னதை அவள் முழுசாகக் கேட்டாள். அவளிடம் கிண்டலே இல்லை. "டாம்சின், புதுப்பிப்பு அறிவிப்ப நீ படிக்கவே இல்லையா?"

"உல்காத் பேரப் பாத்ததும் மூடிட்டேன்."

"அது அவன் இல்லடி. ஊர் காலியாத் தெரியக்கூடாதுன்னு கம்பெனி ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கு. யாரு எந்த இடத்துல அதிக நாள் கெடந்தாங்களோ, அவங்க வெளிய போன பெறகும் அவங்க ஆளு அங்கயே நிக்கும். அதுக்குன்னு சாந்தமா வசனமும் எழுதிக் குடுத்திருக்காங்க. எல்லாரையும் சகோதரா, சகோதரின்னுதான் கூப்பிடும்."

"பொய் சொல்லாத."

"சரி, நீ வெளிய போ. நான் பாலத்துல நின்னு என் திரைய உனக்குக் காட்டுறேன், பாரு."

நான் விளையாட்டிலிருந்து வெளியேறினேன். மொர்வெல் வெளியேறவில்லை. ஹெனியின் திரையில் அவளைப் பார்த்தேன். இத்தனை வருடம் அவளை முதுகுப்பக்கமிருந்தே பார்த்தவள் நான். முதல்தடவையாக அவள் முகம் தெரிந்தது. ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு, கால்களை மடக்கிப் பூதத்தின் எதிரே உட்கார்ந்தாள்.

"உன்மேல் எனக்குக் கோபமில்லை, சகோதரா" என்றாள். நான் அவளுக்குத் தேர்ந்தெடுத்த குரல்.

"பகை முடிந்தது, சகோதரி" என்றது கிரம்ப்.

"நீ வந்ததே போதும், சகோதரா."

"உட்கார். உன் கைகள் களைத்திருக்கின்றன."

பாலத்தில் வேறு யாருமில்லை. ஆறு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஆளில்லாத இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று மன்னித்துக்கொண்டே இருந்தன. முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கின.

"திரைய அணைச்சுத் தொலைடி" என்றேன்.

அணைத்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. பூதத்துக்குள் அவன் இல்லையென்றால், அவன் எங்கே? சமாதானத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அவன் வரவில்லை. மாதக்கணக்கில் நான் ஆளில்லாத உடம்போடு பேசியிருக்கிறேன். தனியாக வாழ்கிறவன். கீழே விழுந்து கிடந்தால் யார் கதவைத் தட்டுவார்கள்?

மறுநாள் காலையிலேயே வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வளைகுடா முடிகிற போர்ட் அகஸ்டா ஊரைச் சுற்றிக்கொண்டு, உப்புநிலப் புதர்களுக்கு நடுவே வயாலாவுக்கு இறங்கினேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். திட்டினால் அவன் சாகமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. தபால் நிலையத்தில் டென்சில் பாஸ்கோ வீடு எது என்று விசாரித்தேன். அங்கிருந்த பெண் தெருவைச் சொன்னாள்.

தட்டினேன். ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. பிறகு கதவு திறந்தது. தலை நரைத்து, கழுத்தில் காதுப்பொறி தொங்க, டென்சில் நின்றான்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"உசிரோடதான் இருக்கியாடா?"

"வேற எப்படி இருக்கணும்? உனக்கு யாரு வீட்டக் காட்டினது?"

"அந்தப் பாலத்துக்கு நீ ஏன்டா வர்றதில்ல? செத்துட்டியோன்னு பயந்து ஓடி வரேன்!"

"வரேனே. திங்கள்ல இருந்து சனி வரைக்கும் தெனமும் வரேன்."

"ஞாயித்துக்கெழம?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கெழம நீ வருவியே."

அவன் தோளுக்கு அந்தப் பக்கம் கூடத்தில் திரை ஒளிர்ந்தது. அதில் தீ எரிந்தது. தீயின் அருகே கால்களை மடக்கி மொர்வெல் உட்கார்ந்திருந்தாள்.

"டேய், அது நான் இல்லடா. கம்பெனிக்காரன் எழுதிப் போட்ட வசனம்."

"தெரியும். நான் என்ன மடையனா? மொத நாளே தெரிஞ்சுபோச்சு. கோவம் இல்லன்னு சொன்னா. நீ சொல்லுவியா?"

"இப்ப சொல்றேன். எனக்குக் கோவம் இல்ல. அதுக்குத்தான இவ்ளோ தூரம் வந்து நிக்கிறேன்."

அவன் மழை வருமா என்று பார்ப்பதுபோல் என்னை நிதானமாகப் பார்த்தான். "பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்ற, டாம்ஸ்."

உண்மைதான். தாடை வலித்தது. அதைத் தளர்த்தப் பார்த்தேன், முடியவில்லை.

"ஒரே ஒரு உதவி பண்ணு. சண்டைக்கு வரல, கெஞ்சித்தான் கேக்குறேன். ஞாயித்துக்கெழமையும் இனிமே வராத. நீ உள்ள வந்தா அவ போயிடுறா. திங்கக்கெழம அவளப் பாக்குற வரைக்கும் எனக்கு இருப்பே கொள்ளல."

என் வாயில் வந்ததெல்லாம் வசவுதான். அதற்குள் கூடத்துத் திரையிலிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல் கேட்டது.

"சகோதரா, இன்னும் வரவில்லையே நீ?"

"இதோ வந்துட்டேம்மா" என்றான் டென்சில். அந்தக் குரலில் அவன் என்னோடு ஒருநாளும் பேசியதில்லை. பிறகு என்னிடம், "பாத்துப் போ. அகஸ்டா ரோட்டுல கங்காரு குறுக்க பாயும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

வெயிலுக்காகக் கூடத்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தான். நாற்காலி கிரீச்சிடுவது கேட்டது. நான் படியிலேயே நின்றேன். அம்மாவை விடுதியில் சேர்க்கச் சொல்லி டாக்டர் முதலில் தன்னிடம்தான் சொன்னாரென்றும், அதை எடுத்துச் சொல்லத் தைரியமில்லாமல் தங்கச்சியின் தலையில் கட்டிவிட்டதாகவும், தப்பு முழுக்கத் தன்மேல்தான் என்றும் அவன் மொர்வெலிடம் சொன்னான். இடையிடையே அழுதான். ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது.