உயிரோடிருந்தவருக்கு இரண்டு வெடி

விடியும் நேரத்தில் காப்பித் தோட்டத்துப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு துப்பாக்கி வெடி. குடகில் இரண்டு வெடி என்றால் அந்த வீட்டில் சாவு. தேச்சம்மா பதறிப்போய் ஓடிவந்தால், நெஞ்சுவலிக்காரரான அப்பா உத்தையா வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"எவன்டா நம்ம தோட்டத்துல ரெண்டு போட்டது?"

அதற்குள் வெள்ளை உடுத்தி ஊரே வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பா, "போயிட்டியேடா உத்தையா!" என்று அழுதபடி படியேறியவர், அப்படியே நின்றார்.

"டேய், நீ சாகலியா?"

"உன்னைக் கேட்டுட்டுத்தான் சாவேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்தான். யாரோ கொண்டுவந்த மாலையைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். வந்த கூட்டம் வீணாகவில்லை.

சித்தப்பா மாச்சய்யா போலீசுக்குப் போன் போட்டார்.

அடுக்களையில் அவ்வாவின், அதாவது அம்மாவின், கையில் வெடிமருந்து வாசம். தேச்சம்மா கதவைச் சாத்தினாள்.

"அவ்வா, நீதானே?"

"உனக்கு முன்னாடி ஒருத்தி பொறந்தா. பொட்டைன்னு மழையில களத்துல போட்டார் உங்கப்பா. செத்தே பொறந்துச்சுன்னு ஊருக்குச் சொன்னார். வெடி போடவும் விடல. இன்னிக்குதான் அவ போன நாள். அவளுக்குப் போட்டேன். இவர் நடுவுல விழுந்தா நான் என்ன பண்ண?"

"அவருக்கு நெஞ்சு சரியில்லன்னு தெரியுமில்ல?"

"டாக்டர் சொல்ற வரைக்கும் அவருக்கு நெஞ்சு இருக்குன்னே எனக்குத் தெரியாதுடி."

அந்த ஆளை இத்தனை வருஷம் அப்பா என்று கூப்பிட்ட வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது தேச்சம்மாவுக்கு. இந்த ஆளுக்காக அவ்வா ஜெயிலுக்குப் போவதா?

வந்த இன்ஸ்பெக்டர் சமவெளிக்காரர். "பொணத்துல குண்டே இல்லையேய்யா?"

"சத்தமே கொன்னுடுச்சு சார்! வேணும்னே சுட்டது. எங்க அண்ணியைக் கேளுங்க!" என்றார் சித்தப்பா.

அவ்வா வாயைத் திறந்தாள். தேச்சம்மா முந்திக்கொண்டாள். "நான்தான் சுட்டேன். காட்டுப்பன்னி."

"உனக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாததாலதான் ரெண்டு குண்டும் வீணாச்சு, சித்தப்பா."

"பன்னியை வேற யாராவது பார்த்தீங்களா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

நஞ்சப்பா அவ்வாவையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் பார்த்தேன் சார். கன்னுக்குட்டி உசரம்."

"கன்னுக்குட்டியா? எருமைன்னு சொல்லுங்க!" என்றாள் அவர் மனைவி.

"எங்க வேலியைப் பிச்சதும் அதுதான்!" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

இன்ஸ்பெக்டர் தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வேகமாக ஜீப்பில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"பன்னியே கிடையாது சார்!" என்று சித்தப்பா பின்னாலேயே ஓடினார்.

"ஓடாதே மாச்சய்யா, அது அங்கதான் நிக்குது!" என்று கத்தினார் நஞ்சப்பா.