ஏழாவது குறை

1983இல் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் செக்கிங் மேஜை காலியானது. தைத்து வரும் ஷூக்களைப் புரட்டிப் பார்த்து, குறை கண்ட இடத்தில் சாக்பீசால் வட்டம் போட்டு ஒதுக்குகிற வேலை. எட்டு வருஷமாகத் தையல் மெஷினில் குனிந்து கிடந்த டோரதிக்கு அதன்மேல் ஒரு கண்.

சூப்பர்வைசர் சுந்தர்ராஜ் சிரித்தார். "பொம்பள கண்ணு சினிமா பாத்து அழறதுக்குத்தான் லாயக்கு."

முதலாளி மஹபூப் பாஷா அப்போது ஒரு திகில் படத்தில் சொக்கிப் போயிருந்தார். புத்தி பேதலித்த சிறுமி ஒருத்தி வீட்டாரை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் கதை. மூன்று தரம் பார்த்துவிட்டார். "எடுத்தா இப்டி எடுக்கணும். ஒரு குத்தம் சொல்ல முடியுமா?"

"நானும் பாத்தேன் பாய்" என்றாள் டோரதி. "ஏழு சொல்றேன். சொல்லிட்டா மேஜ எனக்கு."

"ஒண்ணு கொறஞ்சாலும் மேஜப் பேச்சே எடுக்கக் கூடாது, ஆமா."

ஞாயிறு மேட்னிக்குக் கம்பெனியே கொட்டகையில் இருந்தது. சிறுமி பாதி குடித்த பால், திரும்பிப் பார்ப்பதற்குள் டம்ளர் நிறைய இருந்தது. "ஒண்ணு!" என்று பின்வரிசையிலிருந்து டோரதி கத்தினாள். சிவப்பு ரிப்பன் மாடிப்படியில் நீலமானது. உருகிய மெழுகுவத்தி வளர்ந்தது. சிறுமியின் காயக்கட்டு வலக்கையிலிருந்து இடக்கைக்குத் தாவியது.

"புத்தி கெட்ட பொண்ணு, மாத்திக் கட்டியிருக்கும்" என்றார் சுந்தர்ராஜ்.

"கடிகாரமும் பின்னால ஓடுதே, அதுக்கும் புத்தி கெட்டுப்போச்சா சார்?"

ஒரு கண் போன பொம்மை இரண்டு கண்ணாலும் முறைத்தபோது கணக்கு ஆறு.

இடைவேளையில் பாய் துண்டை விரித்தார். தோல் வியாபாரிகள் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். டோரதியின் கணக்கைக் குறைக்க சுந்தர்ராஜின் கையும் உள்ளே போனது.

"பால் டம்ளரு, ரிப்பன்லாம் சில்லறக் கொறம்மா" என்றார் பாய். "நாலுன்னு வெச்சிக்கலாம்."

"துண்ட எடுங்க பாய். சாக்பீஸ் போட்ட கொறயப் பேசி அழிக்கிற பழக்கம் நம்ம கம்பெனில எப்ப வந்துது?"

பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஆறு. ஏழாவது மட்டும் நானே ஒத்துக்கற மாதிரி இருக்கணும்."

கிணற்றடிக் காட்சி வந்தது. சிறுமி மெல்ல நடக்கிறாள்; திரை நிறைய அவளுடைய கறுப்பு ஷூ, விரல் மடங்கும் இடத்தில் ஆழமான மூன்று மடிப்பு. மாமனைத் தள்ளிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். அதே ஷூ, வழவழவென்று.

"ஏழு! மடிப்பு எங்க போச்சு பாய்? ஒருதரம் மடிஞ்ச தோலு மறுபடி நிமிருமா?"

கொட்டகை முழுக்கத் தோலைத் தொட்டுப் பிழைக்கிறவர்கள். "நிமிராது!" என்று பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஒரு குரல். பிறகு விசில், கைத்தட்டல், நாற்காலி தட்டும் சத்தம். திரையில் மாமன் செத்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

பாய் எழுந்து நின்றார். முப்பது வருஷமாகத் தோல் வாங்கி விற்கிறவர், அத்தனை பேர் முன்னால் தோல் நிமிரும் என்று எப்படிச் சொல்வார்? "மூணு தரம் பாத்தேன், எனக்குத் தெரில. நாளைக்கே மேஜைல உக்காரும்மா."

டோரதி தனக்கு முந்தின வரிசைக்குக் குனிந்தாள். "சுந்தர்ராஜ் சார், காலைல உங்க லைன் சரக்க மொதல்ல அனுப்புங்க. சாக்பீஸ் ஜாஸ்தியா எடுத்துட்டு வர்றேன்."