கடைசி வண்டி

மூன்று ஜீப்புகளும் நின்றுவிட்டன. அவனுடையது கடைசி. அவன் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே மலை முடிந்துபோயிருந்தது. கீழே மேகமோ பனியோ, வெள்ளையாக ஏதோ ஒன்று சோம்பலாகப் புரண்டுகொண்டிருந்தது. மனைவியின் பக்கத்தில் பாறைச் சுவர். அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் விரல் மடங்கிவிடும், அவ்வளவு நெருக்கம்.

"என்னாச்சுன்னு கேளுங்க," என்றாள்.

கேட்கத் தேவையிருக்கவில்லை. டாஷ்போர்டில் தொங்கிய வாக்கி டாக்கி தானே இரைந்தது. "யாரும் பதற வேணாம். வளைவுக்கு அந்தப் பக்கம் பாறை விழுந்து கிடக்கு. ஃப்ரிட்ஜ் சைஸ்."

"சிங்கிள் டோரா, டபுள் டோரா?" இது நடு வண்டியை ஓட்டிவந்த பேக்கரிக்காரர். பயந்தால் அவருக்கு ஜோக் வரும். காலையிலிருந்து வந்துகொண்டேதான் இருந்தது.

முதல் வண்டியிலிருந்து பேசியவர் அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன். கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மலைப்பயணங்களை எல்லாம் அவரே ஏற்பாடு செய்து அவரே முன்னால் போவதால் கேப்டன் என்று பெயர். மரியாதை விகுதியில் ஒரு துளி குறையாமல் ஆட்களை அதட்டுவது அவருக்குக் கைவந்த கலை. "மாப்ள, நீங்க கடைசியா வாங்க. எங்க சக்கரத் தடத்துலயே வந்தா போதும். நீங்க எதுவும் யோசிக்க வேணாம்," என்று அடிவாரத்தில் சொல்லியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவனுக்குச் சொல்லிவருவதும் ஏறக்குறைய அதுதான்.

அவன் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்டுக் கேட்டு லென்ஸ் மாற்றும் வேலை. கலங்கிக் கிடந்த எழுத்து சட்டென்று கூர்மையாகும்போது முகங்களில் ஒரு வியப்பு வந்துபோகுமே, அதற்காகவே அவனுக்கு அந்த வேலை பிடிக்கும். ஆனால், "சொந்தம்னு ஒருத்தர் இருக்கும்போது கடையை வெளியாள்கிட்ட விடுவாங்களா?" என்று மச்சான் முடிவு செய்துவிட்டார். உதிரிபாகக் கடைக்குள் கண்ணாடித் தடுப்பு வைத்து ஓர் அறையும் தயார். மேசை, பாலித்தீன் உறை பிரிக்காத சுழல் நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அவன் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தான். உறை கீச்சென்றது. நல்லாயிருக்கு என்றான்.

வருகிற திங்கட்கிழமை அங்கே போய் உட்கார வேண்டும்.

"மலை ஏறிட்டா அண்ணன் குழந்தை மாதிரி ஆயிடுவார். அங்க வெச்சு சொல்லிடுங்க, வர முடியாதுன்னு," என்று மனைவிதான் இந்தப் பயணத்துக்கே அவனைக் கிளப்பினாள். வண்டி நின்ற இடத்திலெல்லாம் அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

"மேலேர்ந்து இன்னும் கல் உதிருது," வாக்கி டாக்கியில் கேப்டனின் குரல் இப்போது கொஞ்சம் மெலிந்திருந்தது. "இங்க நிக்கக் கூடாது. ரிவர்ஸ்ல போயிடலாம். டீ குடிச்சோமே, அந்த அகலமான இடம் வரைக்கும். அங்கதான் திருப்ப முடியும்."

பின்னால் போவதென்றால் யார் முதலில் போக வேண்டும் என்பது மூன்று வண்டிகளிலும் ஒரே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும். பாட்டிலின் வாயில் மூடியாகத் தன்னைத் திருகி வைத்துவிட்டதுபோல அவனுக்கு இருந்தது.

"மாப்ள, நீங்க எதையும் தொடாதீங்க. நான் வந்து எடுக்கறேன்."

பிறகு பெருமூச்சும், ஏதோ சரியும் சத்தமும் கேட்டன.

"என்ன கேப்டன்?" என்றார் பேக்கரிக்காரர்.

"ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ரெண்டு கதவும் திறக்க வழியில்ல. பின்னாடி டென்ட்டு, அடுப்பு, எல்லாம் கூரை வரைக்கும் இருக்கு. பின்கதவை வெளியிலேர்ந்து கயிறு போட்டு இறுக்கியிருக்கு."

"யாரு போட்ட முடிச்சு?"

"நான் போட்டது."

"அப்ப அவிழாது," என்றார் பேக்கரிக்காரர்.

"நீங்க போய் மாப்ள வண்டிய எடுங்களேன்."

"என் வண்டியையே கடவுள்தான் ஓட்டறார். அவரைத் தனியா விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

மனைவி செருப்பைக் கழற்றினாள். "நான் பின்னாடி நின்னு கை காட்டறேன்," என்று இருக்கைகளின் மேல் ஏறி, பின்கதவைத் திறந்து குதித்தாள். போகும்போது அவள் முழங்கால் அவன் தோளில் இடித்தது. வண்டிக்குள் அவன் தனியாக ஆனான்.

நடுக்கண்ணாடியில் அவள் சின்னதாக, முழுதாக நின்றாள். பனி அவள் இடுப்புவரை ஏறியிருந்தது. வலது கையை அசைத்தாள்: வா.

ரிவர்ஸ் கியர். வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கியது.

"மாப்ள, ஸ்டியரிங்கை இடது பக்கம்," என்றது வாக்கி டாக்கி.

கண்ணாடியில் அவள் கை வலப்பக்கம் போனது.

"இடது, இடது மாப்ள! பாறையோட ஒட்டிக்கிட்டே வாங்க. கேக்குதா?"

அவன் இடது பக்கம் ஒடித்தான். பாறை வண்டியின் முதுகை உராய்ந்து தள்ள, முன்சக்கரம் ஒன்று வழுக்கி, அவன் பக்கத்தில் ஓரக்கல் பெயர்ந்தது. அது கீழே விழுந்த சத்தத்துக்காகக் காத்திருந்தான். வரவில்லை. கண்ணாடியில் அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் விரிந்து நின்றன. வாய் திறந்திருந்தது. அவள் கத்தியிருக்க வேண்டும். ஆனால் வண்டிக்குள் மச்சானின் குரல் ஒன்றுதான் இருந்தது.

அந்த வளைவிலிருந்து மச்சானுக்கு என்ன தெரியும்? பேக்கரி வண்டியின் மூக்கைக்கூட அவர் பார்க்க முடியாது.

இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?

கையை நீட்டி வாக்கி டாக்கியை அணைத்தான்.

அவள் குரல் இப்போது கேட்டது. "மெதுவா... வலது... போதும், போதும்... நேரா." அவன் கண்ணாடியில் அவள் கைகளை மட்டும் பார்த்தான். சேற்றில் அவள் பின்பக்கமாகவே நடக்க, அவளைத் தொடர்ந்து வண்டியும் பின்பக்கமாகவே நடந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வளைவு. அதற்குப் பின் இன்னொன்று. பாதை மலையின் தொண்டைக்குள் அவர்களை விழுங்கிக்கொண்டே போவதாக ஒரு நினைப்பு வந்தது. அதையும் ஓரமாகத் தள்ளிவைத்தான்.

கடைசியில் அவள் கைகளைத் தொங்கவிட்டாள். சுற்றிலும் அகலமாக இருந்தது. காலையில் கொட்டிய டீத்தூள்கூட அப்படியே கிடந்தது.

வண்டியைத் திருப்பி, பாதை மறுபடி குறுகும் வாயில் கொண்டுபோய் நிறுத்தினான். கணுக்கால் வரை சேறோடு அவள் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் பேக்கரி வண்டி வந்து திரும்பியது. அதன்பின் கேப்டன். அவன் வாக்கி டாக்கியைப் போட்டான்.

"...கேக்குதா? மாப்ள! ஏன் ஆஃப் பண்ணீங்க? சரி, ஒதுங்குங்க. இனி நான் முன்னாடி போறேன்."

ஒதுங்க அங்கே இடம் இருந்தது. அவன் அசையவில்லை. அவனைத் தாண்டாமல் இங்கிருந்து யாரும் இறங்க முடியாது. வீட்டுக்குப் போய்விட்டால் மச்சான் நாற்காலியின் உறையைப் பிரித்துவிடுவார்.

"மச்சான், திங்கட்கிழமை நான் கடைக்கு வரல."

"சரி, செவ்வாக்கிழமை வாங்க."

"செவ்வாக்கிழமையும் இல்ல. எப்பவும் இல்ல. எனக்கு என் வேலையே போதும்."

"மலை உச்சியில வெச்சா இதைப் பேசுவாங்க? முதல்ல வழிய விடுங்க. வீட்டுல உக்காந்து பேசிக்கலாம்."

வீட்டில் உட்கார்ந்தால் எப்படிப் பேசுவார் என்று அவனுக்குத் தெரியும். அவள் வாக்கி டாக்கியை வாங்கினாள்.

"அண்ணே, அவர் சொன்னது கேட்டுச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"பாப்பா, நீ சும்மா இரு. அந்த நாற்காலி அவருக்குன்னே பார்த்துப் பார்த்து வாங்கினது."

"கேப்டன், அதுல நான் வேணா உக்காரட்டுமா?" என்றார் பேக்கரிக்காரர். யாரும் சிரிக்கவில்லை. அவரும்.

இன்ஜின்கள் மூன்றும் உறுமிக்கொண்டு நின்றன. அவன் கண்ணாடியில் பேக்கரி வண்டிக்குப் பின்னால் ஒரு ஜோடி விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. ஹாரன் அடிக்கவில்லை. பாதையில் பனி ஏறிக்கொண்டே இருந்தது. முன்னால் இனி ஒரு வண்டி நீளத்துக்குத்தான் பாதை தெரிந்தது.

அவன் கிளட்சை விட்டான். வண்டி குறுகலுக்குள் இறங்கியது. இப்போது அவன் பக்கம் பாறை, அவள் பக்கம் ஒன்றுமில்லை. பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வண்டிகளும் நகர்ந்தன.

வாக்கி டாக்கி வெகுநேரம் கரகரத்தது. பிறகு மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேட்டுச்சு," என்றார். கொஞ்சம் கழித்து, "ஃபர்ஸ்ட் கியர்லயே இறங்குங்க மாப்ள. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதீங்க."

அவன் ஏற்கெனவே ஃபர்ஸ்ட் கியரில்தான் இருந்தான்.